ஒன்பது முதல் நான்கு வரை

மாதத்தில் ஒரு நாள் சோமனூர் வாயை மூடும்.
துணைமின் நிலையத்தில் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை நான்கு.
மேற்கே அறுபது தறி, தெற்கே நாற்பது,
நாடா பாதி வழியில் நிற்க
எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

எனக்கு வேண்டியது இந்த ஏழு மணி நேரம்தான்.
லாரி பேட்டரி, ஆம்ப்ளிபயர்,
பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில்
நானே அறுத்து ஒட்டிய இரண்டு பெட்டி.
ஊபர்கள் ஐந்தேகால் இஞ்சு; உக்கடத்துப் பழைய கடையில்
சுக்கூர் பாய் எடைக்குப் போடாமல் எடுத்துவைத்தவை.
ட்வீட்டர் மட்டும் புதுசு. அதன் விலையை
வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டை எங்கே போடுவது என்பதற்கே பதினான்கு மாதம்.
அட்டையில் வெட்டிச் சுவரில் சாத்தி
தள்ளி நின்று பார்த்தேன், குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
கனத்த குரல் மெல்லிய குரலுக்குக் கைமாறும் இடத்தில்
அலையின் நீளம் ஒரு சாண் கூட இல்லை.
இரண்டு வாயும் அதற்குள் நெருங்கி இருந்தால்தான்
காது ஒரே ஆள் பேசுவதாக நம்பும்.
விளிம்போடு விளிம்பு வைத்தேன்,
நடுவே ஒரு தீக்குச்சி போகும்.

ட்வீட்டரை நட்டநடுவில் வைக்கவில்லை.
இந்த ஓரத்துக்கு எட்டு, அந்த ஓரத்துக்குப் பதின்மூன்று.
நடுவில் வைத்தால் பலகையின் இரண்டு ஓரமும்
கேட்டதை ஒரே நேரத்தில் திருப்பிச் சொல்லும்.
புறணியும் அப்படித்தான்,
இரண்டு பக்கமிருந்தும் ஒன்றாய் வந்தால்
உண்மையாகிவிடுகிறது.

சென்னியப்பன் வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:
"ஏனுங் மாப்ள, அளவு தப்பிப் போச்சா?"

சுவரிலிருந்து இரண்டடி. மூலையில் தள்ளினால்
பேஸ் பானைக்குள் பேசும்.
நாற்காலியில் உட்கார்ந்தால் காது எங்கே வருமோ
அங்கே ட்வீட்டர், தரையிலிருந்து தொண்ணூற்றிரண்டு.
சிந்தாமணியை உட்காரவைத்தேன்.
"சத்தம் கேக்கற வரைக்கும் கையத் தூக்கிக்கோ."

போனிலிருந்து ஒலி அடியிலிருந்து ஏறியது.
நூறு. ஐந்நூறு. ஆயிரம்.
கை கொடிக்கம்பம் மாதிரி நின்றது.
மூவாயிரம் தாண்டியதும் ஆடியது.
நாலாயிரத்தில் இறங்கி மடியில் விழுந்தது.
ஒலி மேலே போய்க்கொண்டிருந்தது,
ஆறு, எட்டு, பதினொன்று,
வீட்டில் நான் ஒருத்தன் மட்டும் கேட்க.

பத்தொன்பது வருசம் தறிகளுக்கு நடுவே நின்றவள்.
நான் நூல் குடோனில் கணக்கு எழுதியவன்.
கடுகு வெடிப்பதை வாணலியின் கைப்பிடியில்
தெரிந்துகொள்கிறாள் என்பது
எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"நின்னு போச்சுங்களா?"
"ஆமா" என்றேன்.

எழுந்து வந்து வலப்பெட்டியின் விலாவில்
உள்ளங்கையை வைத்தாள்.
எந்தத் தறியில் பேரிங் போகப்போகிறதென்று
மெக்கானிக்குக்கு முன்னால் சொல்கிற கை.
"இன்னொருக்கா போடுங்க, அடியில இருந்து."
நூற்றிருபதில் "நிறுத்துங்க" என்றாள்.
"இங்க அதுருது. அந்தப் பொட்டி அதுரல.
உள்ள ஒரு சட்டம் ஒட்டாம நிக்குது."

இல்லவே இல்லை என்றேன்.
ஆறு ஸ்க்ரூ கழற்றி ஊபரை வெளியே எடுத்து
டார்ச் அடித்தேன்.
சட்டத்தின் ஒரு முனையில் பசையே இல்லை.

துணியில் பிசிறைக் குறிக்கிற சாக்பீஸால்
விலாவில் வட்டம் போட்டாள், கோணலாக.
நான் ஊபரைத் திரும்ப மாட்டி முடிப்பதற்குள்
நாற்காலியை அக்கட்டால தள்ளிவிட்டு
பெட்டியில் தோள் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து
"பாட்டு ஏதாச்சும் போடுங்க" என்றாள்.
என் தொண்ணூற்றிரண்டில் யாரும் இல்லை.

நான்காக ஆறு நிமிடம் இருக்கையிலேயே
கரண்ட் வந்துவிட்டது.
நாடாக்கள் விட்ட இடத்திலிருந்து கிளம்பின.
பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறதென்று
ஆம்ப்ளிபயரின் சின்ன விளக்கு சொன்னது.
அவள் எழவில்லை.
சாக்பீஸ் வட்டத்துக்குள் விரலால்
தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.
பாட்டுக்கா, தறிக்கா?
கத்திக் கேட்டேன்.
உதடு அசைந்தது, என்னவோ சொன்னாள்.