இணைப்பு பதினேழு

நாங்குநேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பேர் நீக்கல்
எல்லாம் அடித்திருக்கிறேன்.
கடல் தாண்டியிருக்கும் வங்கி ஒன்றுக்குப் புகார் அடித்தது
இதுதான் முதல் தடவை.

அரியநாச்சிப்பேரியிலிருந்து ஏழு பேர் வந்தார்கள்.
நனைந்து, காய்ந்து, அப்பளமாய்ப் பொருமிய
பாஸ்புத்தகத்தை மேசையில் வைத்தாள் பேச்சிக்கனி.

ஊருக்குக் கிழக்கே ஆளுயரம் மண்ணடித்து
நாலுவழிச் சாலை போட்டார்கள்.
ஒன்பது கண் கலிங்கு தாண்டி ஓடிய தண்ணீருக்கு
மூன்றடிக் குழாய் ஒன்று.
கார்த்திகையில் குளம் பெருகிற்று.
பிசானம் பதினாறு நாள் முங்கிக் கிடந்தது.
மாசானமுத்துவின் எருமை இரண்டும்
கட்டின கயிற்றோடு போயின.

கேள்வி நான்கு:
வங்கியின் எந்தக் கொள்கை மீறப்பட்டதாகக் கருதுகிறீர்கள்?
கொள்கை நூற்றுப்பன்னிரண்டு பக்கம்.
அகராதியோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.
மக்களைக் கலந்து பேச வேண்டும் என்று
எண்ணி அறுபத்தோரு இடத்தில் இருக்கிறது.
பேசியதற்குச் சாட்சியாக ஒரு போட்டோவும்.
பேச்சிக்கனி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
"இது காஸ் அடுப்பு குடுத்த அன்னைக்கு எடுத்ததுல்லா."

கேள்வி ஒன்பது:
பாதுகாப்புக் கருதிப் பெயரை மறைக்க விரும்புகிறீர்களா?
"எங்க பேரு தெரியாமத்தான
இம்புட்டும் செஞ்சிருக்காக. பெருசா அடி."
தடித்த எழுத்தில் அடித்தேன்.
சொரிமுத்து மட்டும் தன் பேரை எடுக்கச் சொன்னார்.
மகன் அதே சாலையில் சுங்கச்சாவடியில் நிற்கிறான்.
யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.
டீ வந்தபோது அவருக்குத்தான் முதல் கிளாஸ்.

ஏழு மாதம் கழித்து
கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசக் கூப்பிட்டார்கள்.
இங்கே சாயங்காலம், கரண்டு போய்விடுமோ என்ற பயம்.
அங்கே காலை. ஜன்னலுக்கு வெளியே பனி.
நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்,
நல்ல பையன், திருத்தமான தமிழ்.
"மறுகாலை அடைச்சிட்டாக" என்றார் மாசானமுத்து.
பையன் அதை அவர்கள் பாஷையில் சொன்னான்.
அந்த அம்மாள் முகம் வாடிப் போயிற்று.
பேனாவை எடுத்துக்கொண்டு எதையோ கேட்டாள்.
பையன் திரும்பச் சொன்னான்:
"இன்னொரு கால் என்கிறீர்களே,
காலில் அடிபட்டது யாருக்கு?"

கடைக்குள் சிரிப்பு வந்தது,
வந்த வழியே நின்றது.
பேச்சிக்கனி திரைக்குப் பக்கத்தில் போனாள்.
"குளத்துக்குய்யா.
அது நடந்துபோற கால் அது.
ஒடிச்சது யாருன்னு கேக்கத்தான்
உங்களைத் தேடி வந்திருக்கோம்."

பையன் இதை எப்படிச் சொன்னானோ தெரியாது.
அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் கடிதம்: வங்கி கடன் மட்டுமே தந்தது,
கட்டியது உங்கள் அரசு.
கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனை அர்த்தம் என்று
பதிலில் அடித்தேன்,
பிறகு அழித்தேன். தலைப்புக்குள் வராது.
அந்தக் கடனை அடைக்கிறவர்களில்
இந்த ஏழு பேரும் உண்டு என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

ராத்திரி பையனிடமிருந்து தனியாக ஒரு மெயில்.
மன்னியுங்கள் அக்கா,
மறுகால் என்றால் என்ன, படமாக அனுப்ப முடியுமா?

காலையில் பேச்சிக்கனியிடம் காட்டினேன்.
ஜெராக்ஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள்.
"இந்த உள்ளங்கை குளம்.
நாலு விரலும் நாலு மடை, வயலுக்குப் போகுது.
நெறைஞ்சா மிச்சத்தண்ணி
இந்தா, பெருவெரல் வழியா வெளியேறணும்."

பச்சை வெளிச்சம் கைக்கு அடியில் ஒருமுறை ஓடிற்று.
தாள் வந்தது.
களை பிடுங்கிக் கீறின ரேகை கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.
பெருவிரல் மட்டும் பாதியில்,
தாளின் விளிம்பில் முட்டி நிற்கிறது.

இன்னொன்று எடுக்கவா என்றேன்.
"வேண்டாம், இதையே அனுப்பு" என்றாள்.