தார்ப்பாய்

என்னைப் புரட்டிப் படுக்க வைத்ததாக
இரண்டு மணிக்கு ஒரு டிக்,
நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று.
ஒரே பேனா, ஒரே சாய்வு.
சாயங்காலமே போட்டுவிட்டு
வீட்டுக்குப் போய்விடுகிறார் சூப்பர்வைசர்.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்,
இருபத்தாறு வருஷம் என் கையில் இருந்தது.

புளியரை செக்போஸ்ட்.
வைக்கோல், முட்டை, சிமெண்ட், வாழைத்தார்
என்று மலையேறும் வண்டிகள்.
சாரல் அடித்தால் ஜன்னலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.
கிளீனர் பையன் நனைந்துகொண்டே வந்து
பில்லுக்குள் மடித்து நீட்டுவான்.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததாக
எழுதிக்கொள்வேன்.
உள்ளே இருந்தது தவிடா, ரேஷன் அரிசியா,
இன்றுவரைக்கும் தெரியாது.

சுடலைமுத்து என்று ஒருவன் வந்தான்.
எல்லா வண்டியையும் அவிழ்க்கச் சொன்னான்,
கணபதி ஹோமத்துக்குப் பூ ஏற்றிய வண்டியைக்கூட.
இரண்டு மாதத்தில் விளாத்திகுளத்துக்கு மாற்றல்.
நான்தான் பெட்டியைத் தூக்கி
பஸ்ஸில் வைத்தேன்.

இப்போது செங்கோட்டைக்கு இந்தப் பக்கம்,
ரைஸ்மில்லாக இருந்து வெள்ளையடித்த கட்டடத்தில்
பதினேழாம் கட்டில்.
ஞாயிற்றுக்கிழமை பவுடர் பூசி
மேல்சட்டை மட்டும் மாற்றி
போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள்.
மஸ்கட்டிலிருந்து மகன் பார்க்கிறான்.
கழுத்து வரைக்கும் நன்றாகவே இருக்கிறேன்.

தென்காசியிலிருந்து ஆபீசர் வந்தார்.
காமிரா எண்ணினார், கட்டில் எண்ணினார்,
சாம்பாரை ஒரு கரண்டி ருசி பார்த்தார்.
"நல்லா கவனிக்கிறாங்களாய்யா?"
பக்கத்தில் சூப்பர்வைசர், கை கட்டிக்கொண்டு.
"நல்லா" என்றேன்.
போர்வை நுனியை அவர் தொடவில்லை.
தப்பு சொல்ல மாட்டேன்,
வெளியே நல்ல சாரல்.

பிறகு ஷிஜிமோள் வந்தாள், ஆரியங்காவுக்காரி.
முதல் ராத்திரியே
என்னிடம்கூடக் கேட்காமல் போர்வையைத் தூக்கினாள்.
டார்ச் அடித்தாள்.
"இது ஆரும் கண்டில்லே?"
உப்புத்தண்ணீரில் துடைத்தாள். வலித்தது.
கெட்ட வார்த்தையில் திட்டினேன்.
அதே வார்த்தையை மலையாளத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்து
முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள்.

ஏட்டைத் திறந்து
டிக்குக்குப் பக்கத்தில் அவள் மொழியில் எழுதி
படித்தும் காட்டினாள்:
முதுகடியில் புண். அஞ்சு ரூபாய் வட்டம். வாடை உண்டு.
ரெண்டு மணிக்கு யாரும் வரவில்லை.

சூப்பர்வைசருக்கு மலையாளம் தெரியாது.
ஒன்பது நாள் அந்த ஏட்டில்
நிஜம் இருந்தது.
பதினொன்றாம் கட்டில் சரோஜா டீச்சருக்குக் குதிகால்,
இருபத்திரண்டாம் கட்டில் மரியசூசைக்கு
மூன்று வேளையாகச் சோறு இறங்கவில்லை,
எல்லாம்.

பத்தாம் நாள் புனலூர் டாக்டர் வந்தார்.
மாத்திரைக்காக ஏட்டைப் புரட்டியவர்
நின்றுகொண்டே படித்தார்.
பிறகு நாற்காலி கேட்டார்.

காற்று மெத்தை மூன்று வந்திருக்கிறது.
ஒன்று எனக்கு.
ராத்திரியெல்லாம் அடியில்
ஏதோ மூச்சு விடுகிறது.

நேற்று ஷிஜிமோளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள்.
கதவு சாத்தியிருந்தது.
இன்று காலை எதிர்ச் சுவரில்
அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள்.
இங்கிருந்து எழுத்து தெரியவில்லை.
கண்ணாடி தலைமாட்டில்தான் இருக்கிறது,
கை எட்டும்.

எடுக்கவில்லை இன்னும்.