இடது கை

தொண்டி ஹாஜா டெய்லர்தான் முதலில் கண்டுபிடித்தார்.
"வலது கைக்கு அரை இஞ்ச் கூட வைக்கணும்மா."
அப்போது எனக்குப் பதினைந்து வயது.

ராமநாதபுரம் உள்ளரங்கில்
ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி,
காற்று வராமல் காவல் வைத்து ஆடினோம்.
யாராவது கதவைத் திறந்தால்
சஃபிகா கத்துவாள்,
"டோர்! டோர்!"

ஒரு பந்துக்குப் பதினாறு இறகு.
ஒன்று ஒடிந்தாலும் போச்சு.
பந்து விலை ஏறிய வருஷம்
அப்பா வலையை விற்றார், வள்ளத்தை விற்றார்
என்றெல்லாம் கதை இல்லை.
நானேதான் கணக்குப் போட்டேன்.
மாநிலத் தரவரிசையில் நாற்பத்து மூன்று.
வயது இருபத்து நான்கு.
நாற்பத்து மூன்றை அழைத்துப்போக
யாரும் ரயிலடிக்கு வருவதில்லை.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்
சுற்றுலாப் படகு விட ஆள் வேண்டுமென்றார்கள்.
முதல் நாள் துடுப்புப் போட்டேன்.
படகு இடப்பக்கம் திரும்பியது.
மறுபடி போட்டேன்.
மறுபடி இடப்பக்கம்.
பெரிய வட்டம், சின்ன வட்டம்.
கரையில் மரிய செல்சியா
வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.
பத்து வருஷ ஸ்மாஷ் அத்தனையும்
ஒரே தோளில் குடியிருந்தது.

இப்போது காற்றுதான் மேலதிகாரி.
சோளகம் எழுந்தால் பதினொரு மணிக்கே சவாரி முடிப்பு.
வாடை வலுத்தால் முகத்துவாரம் பக்கமே போவதில்லை.
விடிந்ததும் வாசலில் நின்று
காதுமடலில் அதைத் தேடுகிறேன்,
கதவடைத்து வெளியே நிறுத்தியவள்.

வருகிறவர்கள் கேட்பார்கள்,
முதலை இருக்கா?
இல்லை.
டவர் கிடைக்குமா?
அங்கங்கே.
வேர் ஏன் மண்ணை விட்டு மேலே நிற்குது?
மூச்சு விட.
இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.

ஒருநாள் விருதுநகர்க்காரர் ஒருவர்
செல்ஃபி எடுக்கையில் போன் நழுவியது.
தண்ணீருக்கு நாலு விரல் மேலே
என் கை அதைப் பிடித்திருந்தது.
பேக்ஹேண்ட்.
எனக்கே பிறகுதான் தெரிந்தது.
படகு முழுக்கக் கைதட்டல்.
நாற்பத்து மூன்றுக்கு அதுவரை
அத்தனை பேர் தட்டியதில்லை.

சஃபிகா போன் செய்தாள்.
சென்னையில், ஒரு அடுக்குமாடியில்
பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.
"இன்னும் ஆடுறியா?"
"இங்க எங்கடி, ஒரே காத்து."
சிரித்தோம்.
அப்புறம் இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை.
சுவரில் தொங்கும் ராக்கெட்டின் நரம்பு
போன மாசம் நடுராத்திரியில்
தானாக அறுந்ததை
அவளிடம் சொல்லவில்லை.

கோயில் திருவிழாவுக்குத் துணி எடுத்துப் போனேன்.
ஹாஜா டெய்லர் வலது கையை அளந்தார்.
இடது கையை அளந்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி அளந்தார்.
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் நோட்டில்
ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினார்.

அழுகை வருமென்று காத்திருந்தேன்.
மனசு வேறெங்கோ கணக்கில் இருந்தது:
நாளைக் காலை ஏழு மணிக்கு
ஒன்பது பேர்.
லைஃப் ஜாக்கெட் எட்டுதான் காய்ந்திருக்கிறது.