ஆறு நிமிடம்

ஏழு பதினெட்டுக்கு
உவர்மலைக்கு மேலால் வரும் என்றது கைபேசி.
எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டு
ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்கு ஏறினேன்.

இன்று கடைசியாய்ப் படுத்தவர்
மூதூர் பாலாம்பிகை.
தேநீரில் நனைந்த விசுக்கோத்துப் போல
வெளிச்சப் பலகையில் இடுப்பெலும்பு.
"இனிப் பாரம் தூக்கக் கூடாதோ?"
தூக்காமல் விட்டாலும் கரையும் என்று
சொல்ல வந்து
டொக்டரிட்டைக் கேளுங்கோ என்றேன்.

மேலே அந்தத் தகரக் கூட்டில்
பாரம் என்று ஒன்றில்லை.
பாலாம்பிகைக்கு ஒரு வருடத்தில் கரைவது
அங்கே ஒரு மாதத்தில் போய்விடுமாம்.
அதனால் தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டி,
தம்மைத் தாமே கீழே இழுத்து,
தினமும் ஓடுகிறார்கள்
எங்கும் போய்ச் சேராமல்.
ரத்தம் எடுத்து உறையவைத்து,
சிறுநீரைக்கூட அளந்து குறித்து
கொஞ்சம் கொஞ்சமாய்த் தங்களையே
ஆய்வுகூடங்களுக்கு அனுப்புகிறார்கள்.

வந்தது.
மினுங்காத ஒரு வெள்ளைப் புள்ளி,
சத்தமே இல்லை.
அதற்குள் எத்தனை பேர், ஆறா ஏழா?
கீழே வாகனத் தரிப்பிடத்தில் மான்கள்
லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றன,
ஒன்றும் நிமிரவில்லை.
கோணேசர் மலையைத் தாண்டி
கடலுக்கு மேல், பூமியின் நிழலில்
பொசுக்கென்று அணைந்தது.

இறங்கி வந்தேன்.
பஸ் தரிப்பில் பாலாம்பிகை,
இடுப்பில் பத்துக் கிலோ மாப்பை.
என்னைக் கண்டதும்
சேலைத் தலைப்பால் அதை மூடினார்.

ஒன்றுமே இல்லாத வானத்தை
நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்
அவருடைய பஸ் வரும்வரை.