அடமானமாக ஒரு மூக்குக்கண்ணாடி

நவம்பர் முதல் இதுவரை நான்கு.
முதலாவது நீலம்.
துறைமுகச் சாலைத் திருப்பத்தில்
விலா எலும்பொன்று வெளியே துருத்திச் செத்தது.
இரண்டாவதைப் பேருந்தில் மறந்தாள்;
அது கொலைக் கணக்கில் சேராது.
மூன்றும் நான்கும்
மழை தொடங்கியதும் ரயிலடியில் முளைக்கிறவர்களிடம்
ஐந்தைந்து யூரோவுக்கு வாங்கியவை.
ஒரு பொழுதைத் தாண்டவில்லை.

கொருன்யாவில்
புயலுக்கு மறுநாள் குப்பைத்தொட்டிகளைப் பார்க்கவேண்டும்:
தலைகீழாய்ச் செருகிய குடைகளோடு
யாருக்கோ வரவேற்பு வைத்ததுபோல் நிற்கும்.

"மழைக்கோட்டு வாங்கித் தொலையேன்"
என்பாள் பல் ஆய்வகத்தில் பக்கத்து மேசை உஷியா.
கோட்டின் மூடி தலையைக் காக்கும்.
கண்ணாடியை யார் காப்பது?
சபேலாவுக்கு இடக்கண் மைனஸ் ஏழு.
இரண்டு துளி விழுந்தால் போதும்,
எதிரே வருவது லாரியா லாந்தரா என்று தெரியாது.

பிராய்ஸின் கடையில் சாவியும் வெட்டுவார்கள்,
குடையும் விற்பார்கள்.
கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு
மூன்றை எடுத்து வைத்தான்.

ஒன்று, நூற்றெழுபது கிராம்.
தூக்கிப் பார்த்து, தூக்கினோமா என்று
மறுபடி பார்த்தாள்.

இன்னொன்று பொத்தானைத் தொட்டால் விரியும்,
தொட்டால் மடங்கும்.
"எத்தனை தரம்?" என்றாள்.
பிராய்ஸ் கூரையைப் பார்த்தான்.

கடைசியாக ஒரு மங்கிய பச்சை.
ஒன்பது கம்பி, கண்ணாடியிழை.
மேலே இரட்டைத் துணி,
நடுவே காற்று வந்த வழியே போக ஓர் இடைவெளி.
மடக்கினால் கைப்பையில்
சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.
முப்பத்தெட்டு யூரோ.
செத்ததும் தொலைந்ததும் கூட்டிப் பார்த்தாள்:
நாற்பத்திரண்டு.

"கடைக்குள் ஏது காற்று?
மூலைவரை கொண்டுபோய்ப் பார்க்கட்டுமா?"
"அடமானம்?" என்றான், சும்மாதான்.
அவள் யோசிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி மடித்து
சாவிகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

அந்த மூலையில் காற்று வாடகை தராமல் குடியிருக்கிறது.
தெரு முழுக்கக் கரைந்து
மஞ்சளாய் ஒரு தீற்றல், சிவப்பாய் ஒரு தீற்றல்.
குடை விரிந்ததை அவள் காணவில்லை, கேட்டாள்:
கனத்த ஒரு "தப்".
முதல் வீச்சு நேரே வந்தது; தாங்கியது.
அடுத்தது கீழிருந்து, திருடன் மாதிரி.
கம்பிகள் வளைந்து, வளைந்து,
குடை கிண்ணமாயிற்று.
மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள்.
மறுபடியும் குடை.

தனியே நின்று சிரித்தாள்.
அப்போது ஏதோ ஒரு பேருந்து வந்தது.
பதினோரு வருடப் பழக்கம்,
கால்கள் ஏறிவிட்டன.

மணிக்கட்டில் ஆடிய விலைச்சீட்டை
மூன்றாவது நிறுத்தத்தில்தான் தடவி உணர்ந்தாள்.
ஏறியதும் ஐந்தாம் எண் அல்ல.
கடைசி நிறுத்தம் கலங்கரை விளக்கம்.
அதற்கப்பால் புல்லும் கடலும்,
அல்லது அவள் கண்ணுக்கு
பச்சையும் சாம்பலும்.

திரும்பும் வண்டிக்குப் பதினெட்டு நிமிடம்.
திருடிய குடையை விரித்தாள்.
இங்கே காற்று மூலை தேடுவதில்லை.
ஒருமுறை கிண்ணம், ஒரு சுண்டு.
இன்னொருமுறை, இன்னொரு சுண்டு.
மூன்றாம் முறை கிண்ணமாகவே விட்டுவிட்டாள்.
எப்படியும் கண்ணாடி இல்லை,
நனைய என்ன இருக்கிறது?
முகத்தில் மழை விழுந்தது,
எந்த வயதிலோ கடைசியாய் விழுந்தது.

கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது.
"போலீசுக்குச் சொல்லவா,
கண் டாக்டருக்குச் சொல்லவா என்று
முடிவு செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்" என்றான்.
கண்ணாடியைப் போட்டதும் தெரிந்தது
அவன் மூக்கின் இருபுறமும் சிவந்த தடம்.
போட்டுப் பார்த்திருக்கிறான்.

முப்பத்தெட்டை எண்ணி வைத்தாள்.
குடையைத் திருப்பிப் பார்த்தபோது
ஏழாவது கம்பி நுனியில்
துணி ஓர் இம்மி பிரிந்திருந்தது.
"புதுசு தரட்டுமா?"
"வேண்டாம். அதை எனக்குத் தெரியாது.
ஊசி இருக்கிறதா?"