புள்ளி

இருபதாம் தேதி இரவு. ஜிஎஸ்டி கடைசி நாள்.
செக்காலை ரோட்டு ஹார்டுவேர் கடைக் கணக்கு
பாதிப் பக்கத்தில் நிற்க,
என் முழங்கை பட்டு
நன்னாரி சர்பத்.

ஒரு டம்ளர்தான்.
டம்ளரில் இருக்கும்வரைதான் அது ஒரு டம்ளர்.
கீபோர்டில் இறங்கியதும்
ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில்
ஆளுக்கொரு அறையாகக் குடிபுகுந்தது.

ஒயரைப் பிடுங்கினேன்.
பட்டனை அழுத்திப் பிடித்தே அணைத்தேன்.
நைட்டியின் ஓரத்தால் ஒற்றினேன், தேய்க்கவில்லை.
கூரைபோல் கவிழ்த்து
வளவில் நிறுத்தினேன்.

பள்ளத்தூரில் இந்த வீட்டை என்னவென்று சொல்ல!
நாலு பக்கத்து ஓடும் வானத்துத் தண்ணீரை
வா வா என்று உள்ளே இறக்கும்.
ஐப்பசியில் முற்றத்தில் கணுக்கால் நனையும்,
ஆத்தங்குடிக் கல் ஒரு வார்த்தை சொல்லாது.
அதே வீட்டில்
ஒரு டம்ளர் இனிப்புக்கு விறைத்துக் கிடந்தது
நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.

எதிர்வீட்டு உண்ணாமலை சொன்னாள்,
அரிசியில் புதைத்து வை.
இருந்தது கவுனி மட்டும்.
அண்டாவில் போட்டு மூடினேன்.
அரிசி ஈரத்தை எடுக்கவில்லை.
எறும்புதான் வந்தது,
மொய் எழுத வந்த சனம்போல் வரிசையாக.

நடுராத்திரி மனசு கேட்காமல்
ஒரே ஒரு தடவை ஆன் செய்தேன்.
வெளிச்சம் வந்தது.
ஒரு வாடை வந்தது.
இரண்டும் போயின.

காலையில் சிங்கப்பூரிலிருந்து அவர்.
"சோலையா கொட்டினான்?"
"ம்" என்றேன்.

ஓரெழுத்து.
அதுவும் மெய்யெழுத்து.

போனிலேயே திட்டு வாங்கினான் சோலையப்பன், எட்டு வயது.
எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.
கொட்டியது ஒருவேளை தான்தானோ என்று
அவனே யோசிப்பதுபோல் நின்றான்.
அன்றிலிருந்து பாட்டில் மூடியை
இறுக்கித் திருகிக்கொண்டு
என் மேசையைத் தள்ளிச் சுற்றி நடந்தான்.

கல்லுக்கட்டிக்குப் பின்சந்தில்
ஹிதாயத்துல்லாவின் கடை.
பதினொரு திருகாணி கழற்றி மோந்து பார்த்தார்.
"நன்னாரி.
தண்ணி காஞ்சா போயிரும்.
சர்க்கரை காஞ்சாத்தான் வேலையே ஆரம்பிக்கும்."
கடுகளவு கருப்பில் விரல் வைத்தார்.
"நடுவுல ஒருக்கா ஆன் பண்ணிருக்கீங்க."
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
பல் தேய்க்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்தபடி
"ரசீதுல காரணம்னு என்ன போட?" என்றார்.
"திரவம்."
எழுதினார்.
ஆள் பெயர் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

மூன்று நாள், நாளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்.
நாலாம் நாள் உயிரோடு வந்தது.
ஒரு சாவி மட்டும் செத்திருந்தது:
புள்ளி.

கோயிலில் நாங்கள் ஒரு புள்ளி,
வருஷா வருஷம் வரி கட்டுகிறோம்.
இது வேறு புள்ளி.
இது இல்லாமல் ஹார்டுவேர் கடைக்காரருக்கு
'வணக்கம' என்றுதான் கடிதம் போகும்.
மதுரையிலிருந்து புது கீபோர்டு வர
ஒரு வாரமாம்.

சோலைக்கு இது விளையாட்டாகிவிட்டது.
தன் பெயரை அடித்தான்: சோலையப்பன.
பொய் என்று அடித்தான்: பொய.
மெய் என்று அடித்தான்: மெய.
விழுந்து விழுந்து சிரித்தான்.
"ஆத்தா மட்டும் சரியா வருது, ஆத்தா!"

ஆமாம்.
ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால்
முதல் எழுத்து தானே புள்ளி வைத்துக்கொள்ளும்.

அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.
ம.
ன, ன, இ.
ப, ப, உ.
மன்னிப்பு.
ஒரு குறையும் இல்லாமல் வந்து நின்றது.

எழுத்துக் கூட்டிப் படித்தான்.
"யாருக்கு?"

மணி எட்டு.
அங்கே பத்தரை.
இன்னும் தூங்கியிருக்க மாட்டார்.