நான்காம் சுற்று, பதினேழாம் கேள்வி

வியாழக்கிழமைகளில் கேள்வி கேட்பவன் நான்தான்.
டுலூத் துறைமுகத்துக்கு மேலே ஒரு மதுக்கடை,
ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை,
ஒரு மைக், கால் ஆடும் ஒரு ஸ்டூல்,
ஷூ பெட்டியில் இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள்.

பழைய டிவி விஷயத்தில் என்னை அசைக்க முடியாது.
கார்ட்டூன் கைகளுக்கு ஏன் நாலே விரல்?
ஐந்தாவதை வரையக் கூலி கட்டவில்லை.
காலை உணவு விளம்பரக் கிண்ணத்தில்
ததும்பி நின்றது பாலா?
பசை.
பாலென்றால் சோள அவல் நமுத்துவிடும்.
விளக்குச் சூட்டில் உருகாத ஐஸ்கிரீம்
மசித்த உருளைக்கிழங்கு.
ஏமாந்த கதையைக் கேட்க
ஜனங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று நான்காம் சுற்று, பதினேழாம் கேள்வி:
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு.
க்ளியர்லேக் இருமல் மருந்து.
மோர்ட்டன் கரடி தும்மும்,
கூரை பறக்கும், தபால்காரர் மீசை பறக்கும்,
ஒரு பசு அடுத்த மாவட்டத்தில் போய் இறங்கும்.
அந்தத் தும்மல் யாருடையது?"

கடையே தும்மிப் பார்த்தது.
தாதுக் கப்பல் சமையல்காரர் ஓர்வில்
மூன்றாவது தும்மலில் பல்செட்டைப் பிடித்துக்கொண்டார்.
ஜன்னலோர மேசையில் ஆர்லிஸ் கோவனென் மட்டும்
சும்மா இருந்தார்.
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்,
அதற்கு முன்பு என்னவாக இருந்தார் என்று
யாரும் கேட்டதில்லை, நானும்.
எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார்.

அட்டையில் இருந்த விடை: லாயிட் ஃபென்ஸ்கி.
கரடிக்குக் குரல் கொடுத்தவர்.
அட்டையை எழுதியது நான்.
எனக்குச் சொன்னது ஒரு பழைய வாரப் பத்திரிகை.
அதற்குச் சொன்னது
லாயிட் ஃபென்ஸ்கி.

சரியாக எழுதியது ஒரே மேசை.
அந்த ஒரு புள்ளியில் ஜெயித்தது.
பரிசு, உறைந்த வாத்து ஒன்று.
கோட்டுக்குள் அதைச் செருகிக்கொண்டு
படியிறங்கிப் போனார் ஆர்லிஸ்.

பதினொன்றரை மணி.
மேசைகள்மேல் தலைகீழாக நாற்காலிகள்.
விடைத்தாள்களைக் குப்பையில் போடும்போது
பதினேழில் கண் மாட்டியது.
லாயிட் ஃபென்ஸ்கி என்று அழுத்தமான எழுத்து.
அதற்கு மேலே ஒற்றைக் கோட்டில் அடித்திருந்த
சின்னச் சொல்:

நான்.

வெளியே ஓடினேன்.
சக்கரத் தடத்தையும் பனி மூடியிருந்தது.
ஏரியில் ஏதோ கப்பல் ஊதியது.

வீட்டில் பழைய நாடாவைப் போட்டுக் கேட்டேன்.
தும்மலுக்கு முன் அந்த மூச்சிழுப்பில்
மெலிதாக ஒரு கீச்சு.
லாயிடின் தொண்டையில் அப்படி ஒன்று
இருந்திருக்கவே முடியாது.
எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!
முழுப் பூசணிக்காய்,
சோறுகூட இல்லை மறைக்க.

அவருக்கு விடை தெரியும்.
எந்த விடைக்கு நான் புள்ளி தருவேன் என்பதும்
தெரிந்திருக்கிறது.

அட்டையில் நான் எழுதியது பேனாவால்.
அடித்துவிட்டு எழுதலாம்தான்.
ஆனால் அடுத்த வியாழன்
கடை முழுக்கக் காது கேட்க
அந்தப் பெயரைச் சொல்வதற்கு
அவரிடம் கேட்க வேண்டாமா?
கேட்டால் வாத்தைத் திருப்பித் தருவாரா?

யாராவது நினைத்தால்
தும்மல் வரும் என்பார்கள்.
இரண்டு மணிவரை
நினைத்துக்கொண்டே இருந்தேன்.